முறைத் தண்ணீருக்கு ஒரு டி.சி.

இராமநாதபுரம்
18 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய நாகேந்திரன் அவர்களுக்கு,

என் பெயர் ஜஸீலா. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வியாழக்கிழமை தோறும் வருகிறேன். பாடம் நடத்துவதில்லை. கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதும், தேவைப்பட்டால் அவர்கள் வீட்டாரோடு பேசுவதும் என் வேலை. அரசுத் தாளில் ஆற்றுப்படுத்துநர் என்று போட்டிருக்கும். பிள்ளைகள் "பேச்சு டீச்சர்" என்கிறார்கள்.

உங்கள் மகள் சத்யப்பிரியாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மதுரைச் சிறையின் முகவரியையும் அவளே சொன்னாள். எதையும் பார்த்துச் சொல்லவில்லை.

நடந்தது இது. சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்திருந்தேன். வெக்கை அதிகம். ஒரு குடமும் தம்ளரும் கொண்டுவரச் சொல்லி, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்படி சத்யப்பிரியாவிடம் சொன்னேன். அவள் நின்றாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, "கொடும்மா" என்றேன். மூன்றாவதாக இருந்தவன் வேல்ராஜ். இறந்துபோன தனுஷ்கோடியின் மகன். அவள் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

ஒரு வீட்டு ஆள் கையால் இன்னொரு வீட்டு ஆள் செத்தால், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே நெருப்பும் தண்ணீரும் புழங்காது என்பதை அன்று சாயங்காலம் சத்துணவு ஆயா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் கீழக்கரைக்காரி. அது ஒரு சாக்கு ஆகாது. வேலை பார்க்கும் ஊரின் வழக்கம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் தனுஷ்கோடியின் அண்ணன் ராக்கப்பன் ஆட்களோடு பள்ளிக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கக் கூடாது, பெண்தான் போக வேண்டும் என்றார். அடுத்த வாரமே உங்கள் மச்சினர் பால்சாமி, டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு வந்தார். அதில் பெற்றோர் கையெழுத்து இல்லை. உங்கள் மனைவி மகேஸ்வரி போட மறுத்திருக்கிறார். "அவரு சொல்லட்டும், போடுறேன்" என்றாராம்.

ஆகவே முடிவு உங்களிடம் இருக்கிறது. போகச் சொல்லாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். உங்கள் மகள் போக விரும்பவில்லை. அவள் சொன்னதை அவள் அனுமதியோடு அப்படியே எழுதுகிறேன்: "நான் எதுக்கு டீச்சர் போகணும்? நான் யாரையும் அடிக்கலையே."

இப்படிக்கு,
ஜஸீலா


மத்திய சிறை, மதுரை
22 நவம்பர் 2024

ஜஸீலா டீச்சருக்கும், அவருக்கு முன்னாடி இதைப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம்.

பேச்சுக்குன்னு ஒரு டீச்சர் இருக்கிறதை இப்பத்தான் கேள்விப்படுறேன். பேசித் தீருற ஊரா இருந்தா நான் ஏன் இங்கன வந்து கிடக்கேன்?

நீங்க நல்ல எண்ணத்தில்தான் செய்தீங்க. இருக்கட்டும். கண்மாய் மடையில் மண்வெட்டியோடு நின்னப்ப எனக்கும் நல்ல எண்ணம்தான். கதிர் வாங்குற பயிருக்குத் தண்ணி வேணும், அவ்வளவுதான் எண்ணம். தனுஷ்கோடியும் தன் பயிருக்குத்தான் நின்னான். எண்ணத்தை வச்சு என்ன பண்றது?

எம்மவ கையால் அந்த வீட்டுப் பையன் தண்ணி குடிச்சான்னு கேள்விப்பட்ட அன்னைக்கு நான் சோறு திங்கலை. உங்களுக்கு அது ஒரு தம்ளர் தண்ணி. நீங்க வியாழக்கிழமை வருவீங்க, நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவீங்க. வெள்ளிக்கிழமை அந்த ஊர்ல இருக்கப்போறது எம்மவ.

மச்சான் பால்சாமி போன மாசம் வந்து பார்த்தார். இராமநாதபுரத்தில் ஹாஸ்டல் பார்த்திருக்காராம். பொண்ணுக்குப் பாதுகாப்பு, படிப்பும் கெடாதுன்னார். சரின்னு சொல்லிட்டேன். மகேஸ்வரிக்கும் கையெழுத்துப் போடச் சொல்லி எழுதப் போறேன். நீங்க இதில் மூக்கை நுழைக்க வேண்டாம்.

அவளை இங்கன வந்து பார்க்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். நாலு வருசமாச்சு. இந்தக் கம்பிவலைக்குப் பின்னாடி என்னைப் பார்த்துட்டுப் போனா அதுதான் அவ கண்ணுல நிக்கும். வீட்டுல அவ அய்யான்னு கூப்பிட்ட அப்பன் போயிருவான்.

என்ன உயரம் இருக்கா? மகேஸ்வரிகிட்ட கேட்டா அழுவா, அதான் கேக்கிறதில்லை. என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?

இதுக்குப் பதில் எழுதணும்னு கட்டாயம் இல்லை.

நாகேந்திரன்


இராமநாதபுரம்
4 டிசம்பர் 2024

நாகேந்திரன் அவர்களுக்கு,

நாலு மணி பஸ்ஸை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. மெயின் ரோடு வரை நடந்துதான் போகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமையைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் சென்ற வாரம் வெள்ளிக்கிழமையும் உங்கள் ஊருக்குப் போனேன்.

மகேஸ்வரி மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உங்கள் கடிதம் அவருக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போடப் போகிறீர்களா என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "எங்கண்ணன் நல்லதுக்குத்தான் சொல்றாரு டீச்சர். பிள்ளைய அனுப்பிட்டா இந்த வருசம் நம்ம வயலுக்கும் கண்மாய்ல இருந்து முறைத் தண்ணி விட்டுருறோம்னு ராக்கப்பன் வாக்குக் குடுத்திருக்காராம். மடை இப்ப அவரு பொறுப்புலதான் இருக்கு. நாலு வருசமா நமக்கு முறை கிடையாது. மழை பேஞ்சா விளையுது, பேயாட்டிப் போயிருது."

இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தண்ணிப் பேச்சை அவருகிட்ட எவன் எடுப்பான்?" என்றார்.

உங்கள் நிலத்தை இப்போது உழுவது பால்சாமி என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதலாமா என்று மகேஸ்வரியிடமே கேட்டேன். அந்த வரிசை நாற்றுக்குத் தெளித்து முடித்தார். பிறகு, "எழுதுங்க. எனக்கு எழுதக் கை வரல" என்றார்.

ஹாஸ்டல், பாதுகாப்பு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லப்பட்டது இது. இரண்டையும் வைத்து நீங்கள் முடிவு செய்யுங்கள். மூக்கை நுழைக்க வேண்டாம் என்றீர்கள். உங்கள் மகள் என்னிடம் வந்து பேசுகிறாள். அவள் போதும் என்று சொல்லும்வரை நுழைப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டு பிள்ளைகளும் என்னிடம் என்ன பேசுகிறார்கள் என்பதை ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லும்படி தலைமை ஆசிரியர் கேட்டார். முடியாது என்றேன். "அப்ப உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார். இதுதான் சார் வேலை என்றேன். அவர்கள் சொன்னது அவர்களுடையது. வேல்ராஜைப் பற்றி உங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டேன். சத்யப்பிரியாவைப் பற்றி அந்த வீட்டுக்கும் ஒரு வார்த்தை போகாது.

உங்கள் மகள் அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். இரண்டாவது கேள்விக்குப் பதிலை நான் எழுதுவது முறையல்ல. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஜஸீலா


மத்திய சிறை, மதுரை
12 டிசம்பர் 2024

டீச்சருக்கு,

பொய். என் கேஸுக்கு வக்கீல் வைக்க உழவு மாட்டை வித்தவர் என் மச்சான். தங்கச்சி மகளை மடைத் தண்ணிக்கு விக்கிறவர் இல்லை. நீங்க அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் கோள் மூட்டுறீங்க. பேச்சு டீச்சர் வேலை இதுதானா?

மச்சானை மனுவுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கேன். இங்கன கைதியைப் பார்க்க வர்றதுக்கு மனுன்னு பேரு. முகத்துக்கு நேரா கேட்டுக்கிறேன்.

இனிமே எனக்குக் கடிதம் போடாதீங்க. வந்தாலும் பிரிக்க மாட்டேன். பிரிக்கிறது வேற ஆள், அது வேற விசயம்.

நாகேந்திரன்


மத்திய சிறை, மதுரை
23 டிசம்பர் 2024

டீச்சருக்கு,

போடாதீங்கன்னு சொன்னவனே போடுறேன்.

மச்சான் வரலை. மகேஸ்வரி வந்தா. அவ பின்னாடி ஒரு பொண்ணு நின்னுச்சு. துணைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டியாந்திருக்கான்னு நினைச்சேன். நினைச்சது மட்டுமில்லை, "யாரு இது?"ன்னு கேட்டுட்டேன்.

மகேஸ்வரி சேலையை வாயில் வச்சுக்கிட்டா. அந்தப் பொண்ணு, "நான்தான் அய்யா"ன்னுச்சு.

எனக்குக் கோவம்தான் முதல்ல வந்தது. "ஏண்டி இவளை இங்கன கூட்டியாந்தே?"ன்னு பொண்டாட்டியைச் சத்தம் போட்டேன். மனு நேரத்தில் ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு எல்லாரும் கத்துவாங்க. என் சத்தம் அதுல ஒண்ணு. ஆனா எம்மவ குரல் தனியாக் கேட்டுச்சு. "அம்மா என்னையக் கூட்டியாரல. நான்தான் அம்மாவைக் கூட்டியாந்தேன்."

மச்சான் ஏன் வரலைன்னேன். மகேஸ்வரி சொன்னா: "உண்மைதானாம். 'மாப்ளகிட்ட சொல்லு, வயலும் வேணும்ல, பிள்ளை எங்கன படிச்சா என்ன'ன்னு சொல்லச் சொன்னாரு." மச்சான் இதையாவது மறைக்காம சொல்லிவிட்டாரே. உங்களைப் பொய்ன்னு எழுதினேன். அதை எடுத்துக்கிறேன்.

அப்புறம் சத்யா கேட்டா. "அய்யா, அன்னைக்கு நீங்க தண்ணிக்குத்தான மடையில நின்னீங்க? இப்ப நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனா அந்தத் தண்ணி வருமாம். இம்புட்டு லேசா வர்ற தண்ணிக்கா அவங்க அய்யா செத்தாரு?"

கோர்ட்டில் அரசு வக்கீல் என்னை ரெண்டு நாள் நிக்க வச்சுக் கேட்டார். இதை அவர் கேக்கலை. "நேரமாச்சு"ன்னு வார்டர் சொன்னது அன்னைக்கு நல்லதாப் போச்சு.

முடிவு சொல்றேன். வயல் காயட்டும். அந்த முறைத் தண்ணி எனக்கு வேண்டாம். ஒரு உசுரு போனதுக்கு நான் உள்ள இருக்கேன். ஆயுள் பூரா இருன்னாலும் இருப்பேன். அந்தத் தண்டனையில் எம்மவளுக்குப் பங்கு கிடையாது. பங்கு போட மச்சானுக்கும் உரிமை இல்லை, ராக்கப்பனுக்கும் இல்லை, அப்பன்ங்கிறதால எனக்கும் இல்லை.

தலைமை ஆசிரியருக்குத் தனியா எழுதி, சிறை அதிகாரி கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருக்கேன். என் மகளுக்கு டி.சி. வேண்டாம், என் பேரைச் சொல்லி யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். மகேஸ்வரிக்கும் எழுதியாச்சு.

ஒண்ணு சொல்லிருறேன். எம்மவ யார்கிட்டயும் போய்க் கையெடுத்துக் கும்பிட மாட்டா. அவங்களைச் சேர்த்து வைக்கிறேன்னு நீங்க ஏதும் ஏற்பாடு பண்ணக் கூடாது.

அந்தப் பையன், அவ கையால் குடிச்சதுக்கு அவனை வீட்டுல அடிச்சாங்களா? நீங்க சொல்ல மாட்டீங்க. தெரியும். கேட்டு வச்சேன்.

நாகேந்திரன்


இராமநாதபுரம்
30 ஜனவரி 2025

நாகேந்திரன் அவர்களுக்கு,

தாமதத்துக்குக் காரணம், முழுவதும் நடந்து முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். முடிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில் தலைமை ஆசிரியர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். ராக்கப்பன், "கொலைகாரன் உள்ளருந்து எழுதுனா அது சட்டமா?" என்றார்.

மகேஸ்வரி எழுந்தார். அவர் பேசி நான் கேட்டதெல்லாம் தரையைப் பார்த்துப் பேசியதுதான். அன்று அப்படி இல்லை. "பெத்தவங்க கேக்காம டி.சி. குடுக்க முடியாது. நானும் கேக்கல, அவரும் கேக்கல. பிறகு இங்கன என்ன கூட்டம்?" என்றார்.

பால்சாமி, "ஏ மகேசு, வயலை நினைச்சுப் பாரு" என்றார்.

"காயட்டும்ணே. நாலு வருசமாக் காயுறதுதானே."

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. தனுஷ்கோடியின் மனைவி உலகம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. விறகை எரித்துக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே கரி படிந்த கையோடு வந்திருந்தார். அவருக்கு இந்த மடை ஒப்பந்தம் அன்று காலைதான் தெரிந்திருக்கிறது. ராக்கப்பனைப் பார்த்து, "எம்மவனைக் காட்டி மடையைப் பேரம் பேச உனக்கு யாரு சொன்னா?" என்றார். ராக்கப்பன், "ஏத்தா, உன் பிள்ளை மானத்துக்குத்தான்" என்றார்.

"எம்புள்ளை தாகத்துக்குத் தண்ணி குடிச்சான். அவன் மானம் அதுல போகல. நீ அதை வித்தே பாரு, அதுல போச்சு."

பிறகு தலைமை ஆசிரியரிடம் திரும்பினார். "அவ போனா எம்புருசன் எந்திரிச்சு வந்துருவாரா சார்? இருந்தா இருந்துட்டுப் போறா. ஆனா உலகம்மா மன்னிச்சுட்டான்னு எவனும் ஊருக்குள்ள பேசிக்கிட்டுத் திரிய வேண்டாம். மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்." மகேஸ்வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

உலகம்மாள் சொன்னது அறை நிறைய ஆட்கள் கேட்கச் சொன்னது. அதனால்தான் எழுதுகிறேன்.

சத்யப்பிரியா அதே வகுப்பில் இருக்கிறாள். உங்கள் வயலுக்கு மடை திறக்கவில்லை. கதிர் வெளிவந்த நேரத்தில் காய்ந்ததால் நெல் பதராகிவிட்டது. மகேஸ்வரி மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அறுத்த அன்று நானும் வரப்பில் நின்றேன். அவர் அழவில்லை. "வைக்கோலாச்சும் ஆச்சு" என்றார். பால்சாமி இப்போது உங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

எனக்கும் ஒரு தாள் வந்தது. பள்ளிக்கு என் வியாழக்கிழமை தேவையில்லை என்று தலைமை ஆசிரியர் எழுதியிருந்தார். மாவட்ட அலுவலகத்துக்கு முறையிட்டிருக்கிறேன். பதில் வரும்வரை வியாழன் சாயங்காலம் ஊர் நூலகத்தில் உட்காருகிறேன். வருகிற பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு பேரில் தொடங்கியது, இப்போது பெஞ்சு போதவில்லை. நூலகரிடம் ராக்கப்பன் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது.

சேர்த்து வைக்கக் கூடாது என்றீர்கள். அப்படி ஓர் ஏற்பாடும் நான் செய்யவில்லை. போன வியாழன் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதுவும் எல்லார் முன்னாலும் நடந்ததுதான். பிள்ளைகள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேல்ராஜ் எதிரில் இருந்த உங்கள் மகளிடம், "ஏய், ஸ்கேலக் குடு" என்றான்.

"கொண்டு வர வேண்டியதுதானே?"

"ஒரு கோடு போட்டுட்டுத் தாரேன்."

"முடியாது."

"சரியான கஞ்சப்பிசினாரி."

"போடா."

நான் பாதி எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். அவன் புத்தக ஓரத்தை வைத்துக் கோடு போட்டான். கோணலாக வந்தது. அதற்கும் அவள் சிரித்தாள்.

அந்த இரண்டு பேரும் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜஸீலா


மத்திய சிறை, மதுரை
11 பிப்ரவரி 2025

டீச்சருக்கு,

வயல் விசயம் படிச்சேன். அறுத்துப் போட்டது சரிதான். அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை.

உலகம்மா சொன்னதையும் படிச்சேன். சரியாத்தான் சொல்லியிருக்கு. வேற எப்படிச் சொல்லும்? மன்னிச்சுட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு இங்கன படுக்க முடிஞ்சிருக்காது.

ஸ்கேல் விசயத்தைப் பக்கத்துல படுக்கிற ஆளுக்கும் வாசிச்சுக் காட்டினேன். பெரியவர், சாயல்குடிக்காரர். "குடுத்திருக்கலாம்ல?"ன்னார். ராத்திரி நெடுநேரம் கழிச்சு அவரே, "குடுக்கலைன்னாலும் சரிதான்"ன்னார்.

இந்த மாசம் மனுவுக்கு சத்யா வாரேன்னு சொல்லி விட்டிருக்கா. வராதேன்னு எழுதலை. ஸ்கேலைப் பத்தி நான் கேக்க மாட்டேன். குடுன்னும் சொல்ல மாட்டேன், குடுக்காதேன்னும் சொல்ல மாட்டேன். அது அவங்க ரெண்டு பேர் பாடு.

உங்க வியாழக்கிழமை விசயத்துக்கு வாரேன். நூலகத்தில் இருந்தும் உங்களைக் கிளப்பிட்டாங்கன்னா வேற இடம் தேடி அலைய வேண்டாம். எங்க களத்துல இந்த வருசம் கதிர் அடிக்கப் போறதில்லை. சுத்தமா சும்மா கிடக்கு. மேற்கால புங்கமரம் இருக்கு, சாயங்காலம் நிழல் விழும். பிள்ளைகளை அங்கன உட்கார வைங்க. எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் உட்காரட்டும். மகேஸ்வரிக்கு எழுதிட்டேன், கூட்டி வச்சிருப்பா.

யாரைக் கேட்டு உட்கார்ந்தீங்கன்னு எவனாவது வந்தா, நாகேந்திரன் சொன்னான்னு சொல்லுங்க. மேற்கொண்டு பேசணும்னா நேர்ல வந்து பேசச் சொல்லுங்க. நான் எங்கன இருக்கேன்னு ஊருக்கே தெரியும்.

நாகேந்திரன்